பச்சை வெளுக்கும்வரை

மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். ஆயுதபூஜை முடிந்தும் பொட்டு உதிரவில்லை, பக்கவாட்டில் கம்பெனிப் பெயருக்கு மேலே நெற்றி மாதிரி ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள், லென்ஸ் பக்கம் வைத்ததை மட்டும் யாரோ துடைத்திருக்கிறார்கள், துடைத்தது என் வீட்டுக்காரரோடு இங்கே ஆராய்ச்சி செய்கிற சுகிர்தாவாகத்தான் இருக்கும், அவளுக்குத்தான் அப்படி ஒரு துகள் விடாமல் துடைக்க வரும், எதைச் செய்தாலும் அப்படித்தான் செய்வாளாம், அவர் சொல்லியிருக்கிறார், சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில். இந்த அறையில் ஜன்னல் இல்லை. சுவருக்குக் கறுப்பு அடித்திருக்கிறது, வெளியே பட்டப்பகல், உள்ளே இந்தக் கணினித் திரை ஒன்றுதான் வெளிச்சம், இரண்டே இரண்டு ஸ்டூல், அதுவும் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் அவள். நான் இப்போது உட்கார்ந்திருப்பது யாருடைய ஸ்டூல் என்று யோசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே யோசிக்கிறேன். உயரம் குறைத்து வைத்திருக்கிறது, ஆகவே அவளுடையது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த அறைக்கு இன்றுதான் முதல் தடவை வருகிறேன். பள்ளிக்கூடம் காலாண்டு விடுமுறை, விளக்குத்தூண் போய்த் துணி எடுக்கலாம், நானே பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடுகிறேன், அங்கிருந்து சேர்ந்து போகலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். துணியாவது ஒன்றாவது. அவளைப் பார்க்க வந்தேன். பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருக்கிறாள், சாயம் போன சுடிதார், எண்ணெய் வைக்காத முடி, கையில் ரப்பர் உறை போட்டுப் போட்டு விரல்நுனி சுருங்கியிருக்கிறது. அழகாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், வயிறெரிவதற்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்திருக்கும்.

"சங்கரி, ஒரு மணி நேரந்தான்," என்றார் அவர், என் வீட்டுக்காரர், பேராசிரியர் பூமிநாதன், சட்டையை உள்ளே செருகிக்கொண்டே. "கமிட்டிக்காரங்க திடீர்னு கூப்பிட்டுட்டாங்க. ரெண்டு பேரும் போயி நிக்கலைன்னா டீன் ஆடித் தீர்த்துருவாரு. லேப் பசங்க ஒருத்தனும் ஊர்ல இல்ல. நீ சும்மா உக்காந்திரு, அதுவே படம் எடுத்துக்கிரும்." சும்மா உட்கார்ந்திரு. பக்கத்திலிருந்து அவள் சொன்னாள், "டீச்சர், பயப்படாதீங்க. மங்கலாத் தெரிஞ்சா மட்டும் இந்த லைவ் பட்டன அமுக்கி, இந்தக் குமிழ லேசாத் திருப்புங்க. தெளிஞ்சதும் ஆஃப் பண்ணிருங்க. வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா கலர் வெளுத்துரும்." எனக்குத் தெரியும் என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது. அவள் அதைக் கவனிக்காமல், "பூமி, நீ அந்த ரிப்போர்ட்ட எடுத்தியா இல்லியா?" என்றாள். பூமி. நீ. நானும் அவரைப் பூமி என்றுதான் கூப்பிட்டேன், எம்.எஸ்ஸி. படிக்கும்போது, டா போட்டுக்கூடக் கூப்பிட்டிருக்கிறேன், கேண்டீனில் அவர் தட்டிலிருந்து வடையைப் பிடுங்கித் தின்றிருக்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் அடுப்படியில் மெதுவாக, "நாலு பேரு முன்னாடி மட்டும் வாங்க போங்கன்னு சொல்லும்மா," என்றார். நாலு பேர் முன்னால் என்று ஆரம்பித்தது, நாக்குப் பழகிவிட்டது, இப்போது யாருமே இல்லாத வீட்டில் இரண்டு பேரும் சோபாவில் கிடக்கும்போதும் நீங்க நீங்க என்றுதான் வருகிறது. நான் விட்ட இடத்தை எடுத்து அவள் சாதாரணமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறாள், வாடகை வீட்டில் நாம் காலி செய்துவிட்டுப் போன அறையில் வேறு யாரோ கட்டில் போட்டுப் படுத்திருக்கிற மாதிரி. அவர்கள் போய்விட்டார்கள். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தமும் அவர் செருப்புச் சத்தமும் ஒரே தாளத்தில் போனதைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

திரையில் ஒரு செல். கண்ணாடித் தட்டில் வளர்த்து, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிறார்கள், ஜுரக்காரனைப் போர்த்தி வைத்த மாதிரி அதைச் சுற்றி ஒரு பெட்டி. சிவப்பாக இழை இழையாகத் தெரிவது ஆக்டின், செல்லுக்குள் ஓடுகிற புரதக் கயிறு. பச்சைப் பச்சையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிவது வெசிக்கிள், நான் வகுப்பில் நுண்பை என்று சொல்லித் தருவேன், செல்லுக்குள்ளே சரக்கு ஏற்றிப் போகிற சின்னப் பை. சிவப்பும் பச்சையும் ஒரே செல்லில் ஒழுங்காக ஏறுவது லேசில் நடக்காதாம், மூன்று மாதமாக இரண்டு பேரும் இதற்காக மல்லுக்கட்டினார்கள், ஏறினால் ஒரு நிறம்தான் ஏறும், இரண்டும் ஏறினால் செல் சுருண்டு செத்துப்போகும். இன்று காலையில்தான் இந்த ஒன்று, இந்தத் தட்டில் தேடித் தேடி இந்த ஒன்றே ஒன்று, காலை நீட்டிப் படுத்த மாதிரி தட்டையாக, இரண்டு நிறத்தோடும் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் அனுப்ப வேண்டிய கட்டுரைக்கு இந்தப் படம்தான் உயிர். அவர் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததை நான் எங்கள் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். ஒவ்வொரு பத்து விநாடிக்கும் க்ளிக் என்று ஒரு சத்தம், லைட் ஒருமுறை கண்ணைத் திறந்து மூடுகிறது, புதுப் படம் ஒன்று திரையில் வருகிறது. முந்தின படத்தில் இங்கே இருந்த பச்சைப் புள்ளி இந்தப் படத்தில் அங்கே இருக்கிறது. எப்படிப் போனது என்று தெரியவில்லை. அது நடந்து போவதுதான் எனக்கு வேண்டும், போய்ச் சேர்ந்தது வேண்டாம். பதினொன்றாம் வகுப்புக்கு நான் இதைப் படம் போட்டுக் காட்டுவேன். கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு கயிறு, கயிற்றின் மேல் இரண்டு கால் வைத்து மயோசின் என்கிற ஒரு மோட்டார் புரதம், அதன் தோளில் ஒரு பெரிய மூட்டை. தூரமாகப் போகிற சரக்கு மைக்ரோடியூபுல் தடத்தில் போகும், அது மாட்டுத்தாவணிக்கு வருகிற வெளியூர் பஸ், அங்கே இறங்கி நம் தெருவுக்குள் வர ஷேர் ஆட்டோ வேண்டும் அல்லவா, அதுதான் ஆக்டின் இழையில் மயோசின் என்பேன். ஒரு காலைத் தூக்கி முன்னே வைக்கும், பிறகு பின்னால் இருக்கிற காலைத் தூக்கி அதற்கும் முன்னே வைக்கும், ஒவ்வொரு எட்டுக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி ஒன்று செலவு. பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் மேஜையைச் சுற்றி நடந்துகூடக் காட்டுவேன். நல்ல டீச்சர் என்று பெயர். ஆனால் நான் பார்த்ததில்லை. என் ஆயுளில் ஒருமுறைகூட அது நடந்து நான் பார்த்ததில்லை. பார்க்காததையே பதினான்கு வருஷமாக நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் பார்த்திருக்கிறார்கள். போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இந்த அறையில், இந்த இரண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் தடவையாக ஒரு பச்சைப் புள்ளி தானாக நடந்து போவதைப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டார், கிரிக்கெட் பார்த்தார், தூங்கினார். வியாழக்கிழமை காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே, "ஆமா, உங்கிட்ட சொன்னேனா, அது நடந்துச்சு சங்கரி," என்றார். செவ்வாய், புதன், வியாழன். கோபம் வந்தது, ஆனால் எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை, காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அவர் ஒரு பெண்ணோடு சினிமாவுக்குப் போனார் என்று தெரிந்தால் வீட்டில் ரகளை பண்ணலாம், அண்ணனைக் கூப்பிடலாம், அழலாம். ஒரு பெண்ணோடு உட்கார்ந்து மயோசின் நடப்பதைப் பார்த்தார் என்று யாரிடம் போய் அழுவது? அவர்களுக்குள் அப்படி ஒன்றும் இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தால் இதைவிட லேசாக இருக்கும் என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. யாரும் என்னைத் தள்ளி விடவில்லை. மதிப்பெண் எனக்குத்தான் அதிகம், பிஎச்.டி.க்கு இரண்டு பேருக்கும்தான் இடம் கிடைத்தது, அதே வாரத்தில் எனக்கு அரசுப் பள்ளி வேலைக்கும் உத்தரவு வந்தது, வயிற்றில் பிள்ளை, ஒருத்தர் சம்பாதித்தால்தான் ஒருத்தர் படிக்கலாம், நானே சொன்னேன், நீங்க படிங்க என்று. அவர் மறுத்தார், நிஜமாகவே மறுத்தார், நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஆகவே குற்றம் சொல்லவும் ஆள் இல்லை. க்ளிக். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் பால்கனியில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார், "அறிவிருக்கா உனக்கு? நாலு நாளு வளத்தத அப்படியே வெளிய வச்சிட்டுப் போயிருக்க, செத்துப் போச்சு எல்லாம், நீ என்ன எல்கேஜியா?" எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, சுகிர்தாவைத் திட்டுகிறார், வாங்கட்டும் நன்றாக என்று வெங்காயத்தை மெதுவாக நறுக்கினேன், சத்தம் கேட்காமல் போய்விடக் கூடாதே. கொஞ்ச நேரத்தில் அதே போனில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். என் கையில் கத்தி அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னை அப்படித் திட்டியதே இல்லை. ரசத்தில் உப்பை அள்ளிக் கொட்டினாலும் பரவாயில்லை, அவர் ஆராய்ச்சிக் காகிதத்தில் பால் பொங்கி வழிந்தபோதும் பரவாயில்லைம்மா. எல்லாரும் எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்கிறார்கள். அவளிடம் அவர் கோபப்படுவதற்கு ஒரு பொதுச் சரக்கு இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து சுமப்பது, ஒருத்தர் நழுவவிட்டால் இன்னொருத்தருக்கு வலிக்கும். என்னிடம் இருப்பது ரசம்.

மங்கலாக இருக்கிறதா? இல்லை. கொஞ்சம் இருக்கிறது. இல்லை, தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் ஒரு புள்ளி லேசாகப் பரவினாற்போல் இல்லை? லைவ் பட்டனை அமுக்கினேன். அம்மா. நடக்கிறது. அதை எப்படிச் சொல்ல, கால் தெரியவில்லை, மயோசின் தெரியவில்லை, அவ்வளவு சின்னது எந்தக் கண்ணுக்கும் தெரியாது, சுமைதான் தெரிகிறது, ஒரு பச்சைச் சொட்டு, சிவப்பு இழையைத் தொட்டுக்கொண்டே நகர்கிறது, நிற்கிறது, யோசிக்கிற மாதிரி கொஞ்சம் ஆடுகிறது, மறுபடி விறுவிறு என்று போகிறது. நான் வகுப்பில் காட்டுகிற மாதிரி வீறாப்பாக நடக்கவில்லை, கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு போகிறது, இழையிலிருந்து விழுகிறது, மிதக்கிறது, வேறோர் இழையைப் பிடித்துக்கொள்கிறது. பதினான்கு வருஷமாகத் தப்பாக நடந்து காட்டியிருக்கிறேன். ஆஃப் பண்ண வேண்டும். பண்ணுகிறேன். இந்த ஒன்று அந்த ஓரத்துக்குப் போய்ச் சேரட்டும். அதோ இன்னொன்று, இழையின் நடுவில், முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு, முன்னால், பின்னால். இதைப் படித்திருக்கிறேன். ஒரே பையை இரண்டு மோட்டார் பிடித்துக்கொண்டால் இப்படி ஆகும், மயோசின் தன் இழைப் பக்கம் இழுக்கும், மைக்ரோடியூபுல் மோட்டாரான கைனசின் தன் தடத்துப் பக்கம் இழுக்கும், ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கும்வரை பை நடுவில் கிடந்து தவிக்கும். பூமிக்கு அப்படி ஒரு தவிப்பும் இல்லை. காலையில் இங்கே வருகிறார், சாயங்காலம் அங்கே வருகிறார், நிம்மதியாகச் சாப்பிடுகிறார். தவிப்பது நான். இதை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள்? தினமும். சலித்துப்போய்க் கொட்டாவிகூட விட்டிருப்பாள், இந்தத் தவிப்பின் முன்னால் உட்கார்ந்து சிப்ஸ் தின்றிருப்பாள். ஆஃப் பண்ணு சங்கரி. இன்னும் கொஞ்சம். அவளுக்கு ஒரு வருஷம் கிடைத்தது, எனக்குக் கொஞ்ச நேரம். வெளிச்சம் பட்டால் வெளுக்கும், தெரியும், ஆனால் எவ்வளவு நேரத்தில் வெளுக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்காக எழுதி வைக்கவில்லையே. அதை உட்கார்ந்து உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும், நான் உட்காரவில்லை. கொஞ்சம் மங்கின மாதிரி இருக்கிறது. ஃபோகஸ் விலகிவிட்டது, குமிழைத் திருப்பினேன், தெளியவில்லை, இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம். அப்போது ஒரு காரியம் செய்தேன். திரையில் வெளிச்சத்தைக் கூட்டுகிற அளவுகோல் இருந்தது, அதைப் பிடித்துக் கூட்டினேன். பச்சை சட்டென்று பளிச்சிட்டது, ஆகா என்றிருந்தது, அத்தனை புள்ளியும் ஒரே நேரத்தில் கிளம்பின மாதிரி, திருவிழா மாதிரி, நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன், பார்க்கப் பார்க்க அது என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

ஆஃப் பண்ணிவிட்டேன். பண்ணிப் பிரயோஜனமில்லை. க்ளிக், புதுப் படம், சிவப்பு இழை அழுக்குத் துணி நிறத்தில் இருக்கிறது, பச்சை இல்லை. க்ளிக். செல்லின் ஓரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது, நீட்டியிருந்த காலையெல்லாம் மடக்கிக்கொண்டு உருண்டையாக ஆகிறது. சாகிறது. நான் பார்த்துப் பார்த்தே கொன்றுவிட்டேன். கண் பட்டுவிட்டது என்பார்கள், ஊரில் பொறாமைக்காரிக் கண்ணைத்தானே சொல்வார்கள், பிள்ளைக்குக் கன்னத்தில் கறுப்பு மை வைப்பது என் போன்றவளுக்காகத்தானே. வேண்டுமென்று செய்தேனா? இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அந்தச் சத்தியத்தைச் செய்கிறபோதே உள்ளே ஒருத்தி, அவளுடைய மூன்று மாதம் போச்சு என்று சொல்கிறாள், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல். அவளுடைய மூன்று மாதம் மட்டுமா, அவருடையதும். கட்டுரை. அடுத்த மாதம். அந்த முகம். கரண்டு போய்விட்டது என்று சொல்லலாம். யூபிஎஸ் இருக்கிறது. தானாகவே ஆகிவிட்டது என்று சொல்லலாம், நான் வெறும் பள்ளிக்கூட டீச்சர், சும்மா உட்கார்ந்திருந்தேன், நம்பிவிடுவார்கள். அதுதான் கொடுமை, உடனே நம்பிவிடுவார்கள். வராந்தாவில் செருப்புச் சத்தம், ஒரே தாளத்தில்.

கதவு திறந்தது. "கமிட்டிக்காரங்களுக்கு முந்திரி பக்கோடா வச்சாச்சு, இனி அவங்க நம்மளத் தேட மாட்டாங்க," என்று சிரித்துக்கொண்டே வந்தவர் திரையைப் பார்த்தார். பிறகு வெளிச்ச அளவுகோலைப் பார்த்தார், அது நான் கூட்டிவைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் கோபம் கிளம்பி வந்ததைப் பார்த்தேன், கண்ணிலும் தாடையிலும், வரட்டும் வரட்டும் என்று நான் கிட்டத்தட்ட எழுந்துவிட்டேன், அவர் அதை அப்படியே விழுங்கினார். சுகிர்தா பக்கம் திரும்பி, "ச்சே, நாந்தான். போகும்போது லைட்ட ஏத்திவிட்டு அப்படியே வந்துட்டேன் போல. ஏந்தப்பு," என்றார். என்னிடம் திரும்பி, "பரவாயில்லைம்மா, நீ பயப்படாத," என்றார், குழந்தை கண்ணாடித் தம்ளரை உடைத்துவிட்டால் சொல்கிற குரலில். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, "சரி விடு பூமி," என்றாள், குரல் உடைந்திருந்தது, அவரை மன்னித்துவிட்டாள். நான் கொன்றதைக்கூட அவர்கள் இரண்டு பேருமே எடுத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

"அவரில்ல, நான்தான்," என்றேன். "லைவ்ல போட்டு வச்சேன். ரொம்ப நேரம். வெளிச்சத்தயும் நான்தான் கூட்டுனேன்." அவர் அவசரமாக, "சுகிர்தா, அவளுக்குத் தெரியாது, அவ..." என்றார். "தெரியும்," என்றேன். "வெளுக்கும்னு தெரியும். தெரிஞ்சுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். நிறுத்த முடியல." சுகிர்தா மெதுவாகத் திரும்பினாள். அந்த மூஞ்சி இப்போதுதான் முழுதாக என் பக்கம் திரும்புகிறது என்று தோன்றியது. "தெரியுமா?" என்றாள். "தெரிஞ்சுமா? அறிவிருக்கா உனக்கு? எம்.எஸ்ஸி. படிச்சவதானே நீ? மூணு மாசம், ராவும் பகலுமா! அதுக்கு முன்னாடி எத்தன தட்டு செத்துச்சு தெரியுமா? ஆசப்பட்டாப் பாக்க ஒரு ஓரத்துல வேற செல் இல்லியா, இதுல போயா கை வைப்ப?" அவர், "சுகிர்தா, மெதுவா, மெதுவா," என்று குறுக்கே கையை நீட்டினார், அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவள் திட்டத் திட்ட எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு அழுகையாக உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம், வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம்தான். பொறாமை போகவில்லை, அப்படியேதான் இருக்கிறது, இவளுக்கு இருக்கிற இந்தக் கோபத்தின் மேலேயே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. திட்டி முடித்து மூச்சு வாங்கினாள். மூக்கை உறிஞ்சினாள். பெட்டிக்குள் கையை விட்டுத் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி, பெட்டியை டொக்கென்று மூடினாள். "ஓரத்துல இன்னும் நாம தேடாத இடம் கொஞ்சம் இருக்கு. ஒண்ணாவது இருக்கான்னு பாரு. வெளிச்சம் கம்மியா, சின்னச் சின்னதாத் திறந்து. நான் சொல்லச் சொல்ல," என்றவள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், முட்டி என் முட்டியில் இடித்தது, நகர்த்திக்கொள்ளவில்லை. நான் குமிழைத் தொட்டு லேசாகத் திருப்பினேன். அவர் வாசலில் இன்னும் அந்த நீட்டின கையோடு, உட்கார இடமில்லாமல், எங்கள் இரண்டு முதுகையும் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார், பின்னாலிருந்து வெயில் திரையில் விழுந்தது. "பூமி," என்றேன், திரும்பாமலே, "வெளிச்சம் வருது, கதவச் சாத்து." சாத்தினார், வெளியே நின்று.